மில்டன் கீன்ஸிலிருந்து டப்ளினுக்கு ரயிலும் கப்பலும் ஒரே டிக்கெட்டில்: போனவர்கள் சொல்லுங்கள்

கீன்ஸ்வாசி

வணக்கம். டப்ளினில் தங்கைக்கு வளைகாப்பு, மார்ச் கடைசியில். போகிறவர்கள் நான்கு பேர்: நான், மனைவி, ஏழு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. விமானத்தில் ஒரு மணி நேரம்தான், தெரியும். ஆனால் சென்னையிலிருந்து வரும்போதே அம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டு பெரிய அவஸ்தை. ஊருக்குத் திரும்புகிற நாள் வரை விமானப் பேச்சே எடுக்காதே என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் வளையல், புடவை, சீர்த்தட்டு என்று சாமானும் நிறைய.

சேல்ரெயில் என்று ஒரு டிக்கெட் இருக்கிறதாமே? வேல்ஸில் உள்ள ஹோலிஹெட் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து டப்ளினுக்குக் கப்பல், எல்லாம் ஒரே டிக்கெட். எங்கே வாங்குவது, முன்கூட்டியே எடுத்தால் விலை குறையுமா, ரயிலைத் தனியாகவும் கப்பலைத் தனியாகவும் எடுத்தால் லாபமா? ரயில் தாமதமாகிக் கப்பலை விட்டுவிட்டால் என்ன கதி? இதுதான் பெரிய கவலை.

இருப்புப்பாதை

இருக்கிறது, நல்ல டிக்கெட். வாங்கும் இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். டிரான்ஸ்போர்ட் ஃபார் வேல்ஸ் அல்லது அவந்தி வெஸ்ட் கோஸ்ட் தளத்துக்குப் போங்கள். சேருமிடத்தில் வெறுமனே டப்ளின் என்று அடித்தால் ஒன்றும் வராமல் போகலாம். டப்ளின் ஃபெரிபோர்ட் என்று தேடுங்கள். அது ரயில் நிலையங்களின் பட்டியலிலேயே ஒரு நிலையம் மாதிரி இருக்கும். உங்களுக்குப் புறப்படும் இடம் மில்டன் கீன்ஸ் சென்ட்ரல். லண்டன் யூஸ்டனிலிருந்து ஹோலிஹெட் போகும் நேரடி ரயில்களில் சில அங்கே நிற்கும். இல்லாவிட்டால் க்ரூவிலோ செஸ்டரிலோ மாறவேண்டும்.

விலை விமான டிக்கெட் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்காது. உங்கள் நிலையம் எந்த வட்டத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து நிலையான விலை. நாளை காலைக்கு எடுத்தாலும் அதேதான், மூன்று மாதம் முன்னால் எடுத்தாலும் அதேதான். ஐரிஷ் ஃபெரிஸ், ஸ்டெனா லைன் இரண்டு கம்பெனிக் கப்பலுக்கும் பொருந்தும். வேகக் கப்பலுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஐந்து வயதிலிருந்து பதினைந்து வரை குழந்தைக் கட்டணம்.

விலை ஏறாது என்பதற்காகக் கடைசி நாள் வரை விட்டுவிடாதீர்கள். கப்பலில் வண்டியில்லாமல் நடந்து ஏறும் பயணிகளுக்கு இடம் அளவுதான். பள்ளி விடுமுறை, ரக்பி ஆட்ட நாட்களில் நிரம்பிவிடும்.

கைப்பெட்டி

லூட்டன் உங்களுக்குப் பக்கத்தில்தானே? அங்கிருந்து டப்ளினுக்கு விமானம், சீக்கிரமே எடுத்தால் சேல்ரெயில் விலையில் பாதிகூட ஆகாது. காது வலிக்கு மாத்திரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் ரயிலிலும் கப்பலிலும் வயதானவரை இழுத்துப் போவது எதற்கு?

இருப்புப்பாதை

கைப்பெட்டி என்று பெயர் வைத்திருப்பவர் அப்படித்தான் சொல்வார் :) கைப்பை ஒன்றோடு தனியாளாகப் போகிறவருக்கு விமானம்தான் மலிவு, மறுக்கவில்லை. நான்கு பேருக்கும் பெட்டிக் காசு, இருக்கைக் காசு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சீர்த்தட்டை அதன்பின் எடை மெஷினில் வையுங்கள். வித்தியாசம் அவ்வளவு இருக்காது.

அந்த ரயில் பாதைக்காகவே ஒருமுறை போகலாம். செஸ்டர் தாண்டியதும் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். கான்வி கோட்டைச் சுவரை உரசிக்கொண்டு ரயில் போகும். அப்புறம் மெனாய் நீரிணை மேல் பிரிட்டானியா பாலம், 1850இல் திறந்தது. 1970இல் தீப்பிடித்ததும் மாற்றிக் கட்டினார்கள். லண்டனிலிருந்து ஹோலிஹெட் போகிற தபால் ரயில் அந்தப் பாலத்துக்கும் முன்னாலேயே, 1848இல் ஓடத் தொடங்கிவிட்டது. அயர்லாந்துத் தபாலுக்காகவே போட்ட பாதை இது. அதனால்தான் ஹோலிஹெட்டில் ரயில் நிலையமும் துறைமுக முனையமும் ஒரே கட்டடம் மாதிரி. நடைமேடையிலிருந்து செக்-இன் கவுண்டருக்கு ஐந்து நிமிட நடைகூட இல்லை.

டப்ளின்தோசை

எல்லாரும் டிக்கெட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கீன்ஸ்வாசி, உங்கள் நான்கு பேருக்கும் என்ன பாஸ்போர்ட்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கீன்ஸ்வாசி

நானும் மனைவியும் இந்திய பாஸ்போர்ட், இங்கே ஐஎல்ஆர் (காலவரையறை இல்லாமல் தங்கும் அனுமதி). மகளுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அம்மா விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை என்றுதானே சொல்கிறார்கள்?

டப்ளின்தோசை

டிக்கெட் போடாதீர்கள், நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்வது பொதுப் பயணப் பகுதி ஏற்பாடு, அது பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஐஎல்ஆர் இருந்தாலும் அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும். உங்களுக்கும் வேண்டும், மனைவிக்கும் வேண்டும். இதில் கூத்து என்ன தெரியுமா, அம்மாவுக்கு வேண்டியிருக்காது! அவர்கள் விசிட் விசாவில் பிஐவிஎஸ் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. அந்தக் குறிப்பு இருந்து, முதலில் பிரிட்டனுக்குள் முறைப்படி நுழைந்திருந்தால், அதே விசாவில் அயர்லாந்தும் வரலாம். வருடக்கணக்காக இங்கே வேலை பார்த்து வரி கட்டுகிற மகனுக்கு அது கிடையாது. சுற்றிப் பார்க்க வந்த அம்மாவுக்கு உண்டு.

மகளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமகள் என்று காட்ட வேறு என்ன இருக்கிறது?

டப்ளின் துறைமுகத்தில் நடந்து வரும் பயணிகளைக் கப்பலிலிருந்து பஸ்ஸில் ஏற்றி முனையத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கே குடிவரவு அதிகாரி உட்கார்ந்திருப்பார். பார்க்க மாட்டார்கள் என்று நம்பி வராதீர்கள்.

கைப்பெட்டி

அதற்குத்தான் சுற்று வழி இருக்கிறதே. ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்ரயன் போய் அங்கிருந்து பெல்ஃபாஸ்டுக்குக் கப்பல். அது பிரிட்டனுக்குள்ளேயே இருப்பதால் விசா கேள்வியே இல்லை. பெல்ஃபாஸ்டிலிருந்து டப்ளினுக்கு பஸ். எல்லையில் ஒரு கம்பிகூடக் கிடையாது.

டப்ளின்தோசை

கம்பி இல்லைதான், சட்டம் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் பஸ்ஸை நிறுத்தி ஏறிச் சோதிப்பது இங்கே நடக்கிற விஷயம். ஐஎல்ஆரோடு இருப்பவர் நாளைக்குப் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு மனு போடும்போது இந்தக் கதையெல்லாம் எழுதவேண்டி வந்தால்? பொது இடத்தில் இப்படி யோசனை சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கீன்ஸ்வாசி, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, ஆவணங்களோடு பாஸ்போர்ட்டையும் கொடுக்கவேண்டும். தங்கையிடமிருந்து அழைப்புக் கடிதம், அவர் பாஸ்போர்ட் அல்லது ஐஆர்பி கார்டு (அயர்லாந்தில் வசிக்கும் அனுமதி அட்டை) நகல், உங்கள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம். வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

கீன்ஸ்வாசி

நல்லவேளை கேட்டீர்கள். அம்மா விசாவைப் பார்த்தேன், பிஐவிஎஸ் இருக்கிறது. வீட்டில் ஒரே சிரிப்பு, "நான் வேணும்னா உன்னைக் கூட்டிட்டுப் போறேன்டா" என்கிறார்கள். படிவம் நிரப்பத் தொடங்கிவிட்டோம். கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் மற்றதைப் பேசுவோம். என் பெரிய கவலைக்கு இன்னும் பதில் வரவில்லை: ரயில் தாமதமானால்?

வாலாட்டிக்குருவி

இதை அனுபவித்தவன் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் ரயிலுக்கு மலிவான அட்வான்ஸ் டிக்கெட், கப்பலுக்குத் தனி டிக்கெட் என்று எடுத்துப் போனேன். வழியில் சிக்னல் கோளாறு. க்ரூவில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஹோலிஹெட் போய்ச் சேர்ந்தபோது மதியக் கப்பல் புகையாகத் தெரிந்தது. கப்பல் கவுண்டரில், நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள் என்பது எங்கள் பொறுப்பல்ல என்றார்கள். மாற்றுக் கட்டணம் கட்டித்தான் இரவுக் கப்பல். ரயில்காரர்களோ, டிக்கெட் ஹோலிஹெட் வரைதான், தாமதத்துக்கு ரயில் காசில் ஒரு பங்கு தருகிறோம் என்றார்கள். இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

பக்கத்து வரிசையில் ஒரு ஐரிஷ் பாட்டி சேல்ரெயில் டிக்கெட்டை நீட்டினார். பெயரைப் பார்த்தார்கள், அடுத்த கப்பலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு பைசா கேட்கவில்லை. அதே ரயிலில் வந்தவர்தான் அவரும்.

இருப்புப்பாதை

வாலாட்டிக்குருவி சொன்னதுதான் விஷயம். சேல்ரெயிலை மலிவு டிக்கெட்டாக மட்டும் பார்க்காதீர்கள். மில்டன் கீன்ஸிலிருந்து டப்ளின் துறைமுகம் வரை ஒரே பயண ஒப்பந்தம் அது. டிக்கெட்டில் சிஐவி என்று அச்சடித்திருக்கும். சர்வதேச ரயில் பயண விதிகளின்படி விற்றது என்று அர்த்தம். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதை முடிச்சுப் போட்டு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியது அவர்கள் வேலை.

மறுபக்கத்தையும் பாருங்கள். ரயில் சரியாக ஓடுகிறது, புயலால் கப்பல் ரத்து. தனித்தனியாக எடுத்திருந்தால் கப்பல் காசு திரும்ப வரும். ரயில் அட்வான்ஸ் டிக்கெட்? ரயில் ஓடியதே, காசு போனது போனதுதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அந்தத் தகராறு இல்லை.

சரி, தனித்தனியாக எடுத்தால் மிச்சமாவது உண்டா என்றால், கப்பலுக்கு மட்டும் எடுத்தாலே சேல்ரெயில் விலையில் பெரும்பங்கு போய்விடும். நீங்கள் இருக்கும் தூரத்திலிருந்து தனித்தனி எடுப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

இன்னொன்று. கப்பல் நேரம் நிச்சயம், அதற்குத்தான் உங்கள் பெயர் பதிவாகிறது. ரயில் அப்படிக் கட்டிப்போட்டதல்ல. தளம் காட்டுகிற இணைப்பு ரயிலுக்கு ஒன்று முன்னால் உள்ளதில் ஏறுங்கள். ஹோலிஹெட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் உயிர் போய்விடாது. செக்-இன் அரை மணி முன்னால் மூடிவிடும்.

சட்டப்புத்தகம்

கப்பல் தாமதத்துக்குத் தனி உரிமை இருக்கிறது, பலர் கேட்பதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 ஒழுங்குமுறை. பிரிட்டன் வெளியேறிய பிறகும் அதைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது. கப்பல் ரத்தானாலோ, புறப்பட 90 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றாலோ, வேறு வழியில் கொண்டுபோய் விடு அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடு, தேவைப்பட்டால் தங்குமிடமும் உண்டு.

நஷ்டஈடு வேறு. நான்கு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்தில் (ஹோலிஹெட்–டப்ளின் மூன்றேகால் மணி நேரத்தை ஒட்டி) ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணிக்கு மேல் போனால் 50 சதவீதம். ஆனால் வானிலை காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது, தங்குமிடமும் கிடையாது. ஐரிஷ் கடலில் பெரும்பாலான தாமதம் வானிலையால்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாலாட்டிக்குருவி

வானிலை என்றதும் 2024 டிசம்பர் ஞாபகம் வருகிறது. டாராக் புயலில் ஹோலிஹெட் துறைமுகமே சேதமாகி, கிறிஸ்துமஸ் முழுவதும் மூடியிருந்தது. ஜனவரி நடுவில்தான் கப்பல் நிறுத்தும் இடம் ஒன்றைத் திறந்தார்கள். ஊருக்குப் போகிற ஐரிஷ்காரர்கள் ஃபிஷ்கார்ட், பெம்ப்ரோக் என்று அலைந்தார்கள். மார்ச் கடைசியில் அவ்வளவு மோசமிருக்காது. ஆனால் வேகக் கப்பலை மட்டும் எடுக்காதீர்கள், காற்று கொஞ்சம் ஏறினாலே அதைத்தான் முதலில் நிறுத்துவார்கள். யுலிசஸ் மாதிரி பெரிய கப்பலாகப் பாருங்கள். 50,000 டன், ஆடினாலும் அது மெதுவாகத்தான் ஆடும்.

இரவுப்பணி

இடையில் புகுந்து ஒரு எச்சரிக்கை, இதில் மாட்டாத ஆளே கிடையாது. ஹோலிஹெட்டிலிருந்து கப்பல்கள் ஏறக்குறைய நான்கு வேளை: காலை எட்டு ஒன்பது, மதியம் இரண்டு மூன்று, இரவு எட்டு மணி வாக்கில், அப்புறம் நள்ளிரவு தாண்டி இரண்டரை. அந்தக் கடைசிக் கப்பல்தான் வில்லன். 28ஆம் தேதி இரண்டரை மணிக் கப்பல் என்றால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 27ஆம் தேதி சாயங்காலம். ரயில் தளத்தில் தேடும்போது ரயில் ஏறும் தேதியைப் போடவேண்டும், கப்பல் கம்பெனித் தளத்தில் தேடும்போது கப்பல் தேதியை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நாள் தள்ளி எடுத்துவிட்டுக் கவுண்டரில் கையைப் பிசைகிறவர்களை எந்தக் குளிர்கால இரவிலும் ஹோலிஹெட்டில் பார்க்கலாம்.

வயதானவர், குழந்தையோடு அந்தக் கப்பல் வேண்டவே வேண்டாம். கடைசி ரயிலில் வந்து இறங்கி, நாற்காலியில் இரண்டு மணி வரை உட்காரவேண்டும். சேல்ரெயிலில் கேபின் சேராது, தனிக் காசு. மதியக் கப்பலே உங்களுக்குச் சரி. காலையில் ஏறினால் பொழுது சாயும்போது டப்ளின்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

தம்பி, அம்மாவுக்கு சக்கர நாற்காலி உதவி தேவையெண்டால் இப்பவே சொல்லி வையுங்கோ. டிக்கெட் ஒண்டுதான், ஆனால் உதவி ஒண்டில்லை. ரயிலுக்கு பாசஞ்சர் அசிஸ்ட் எண்டு தனி, கப்பலுக்கு அந்தக் கம்பெனியோட தனி. கப்பலுக்கு 48 மணித்தியாலம் முன்னம் சொல்லவேணும். என்ட மாமியைக் கூட்டிக்கொண்டு போனபோது ரயிலில் ராணி மாதிரி இறக்கிவிட்டினம், கப்பல் பக்கம் ஒருத்தருக்கும் தகவல் இல்லை.

மற்றது சாப்பாடு. வளைகாப்பெண்டால் ஏழு வகைச் சோறு கட்டுவியள் எண்டு தெரியும். பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக்கு இறைச்சி, பால் சாமான் கொண்டுபோகக்கூடாது, 2021இலிருந்து அது ஐரோப்பிய எல்லை. தயிர்ச்சோறும் அதிலதான் சேரும். கப்பலிலயே சாப்பிட்டு முடிச்சுப்போடுங்கோ, கரைக்குக் கொண்டு இறங்காதையுங்கோ. பழம், மரக்கறி, இலை எல்லாத்துக்கும் சான்றிதழ் வேணும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐஞ்சுக்கும் மட்டும் விலக்கு. கிரீன் ஸ்ட்ரீட்டில வாங்கின கறிவேப்பிலைக் கட்டைப் பெட்டிக்குள்ள மறைச்சு வைக்க வேண்டாம், வாசத்திலயே பிடிபடும்!

டப்ளின்தோசை

அக்கா, உண்மை. தேங்காய் தாராளமாகக் கொண்டுவரலாம். கறிவேப்பிலை டப்ளினிலேயே தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட. எலுமிச்சைச் சோறு, புளியோதரை கட்டுங்கள், நெய் ஊற்றாமல்.

பழையபோட்மெயில்

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். ஒரே டிக்கெட்டில் ரயிலும் கப்பலும் என்று நீங்கள் எல்லாரும் இங்கிலாந்தில் கண்டுபிடித்த அதிசயம் நம் ஊரில் இருந்ததுதான். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் கொழும்புக் கோட்டை வரை ஒரே டிக்கெட் எடுக்கலாம். தனுஷ்கோடி பாலத்துறை வரை ரயில், அங்கே நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னார், மறுபடி ரயில். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்கள் பெயரில் கப்பல்கள். அதற்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேராகக் கப்பல், அந்த ரயிலுக்கும் போட் மெயில் என்றுதான் பெயர்.

ஆனால் அந்த ஒரே டிக்கெட் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை மண்டபம் முகாமில் இறக்கி, நாள்கணக்கில் நோய்த் தடுப்புக் காவலில் வைத்துத்தான் அனுப்புவார்கள். முதல் வகுப்புக்காரர் நேராகக் கொழும்பு போய்க் காபி குடிப்பார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது, பாதையும் போனது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சில காலம் கப்பல் ஓடியது, அதுவும் எண்பதுகளில் நின்றது.

இப்போது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை ஓடுகிறது, 2023இல் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு திரும்ப வந்தது. இரண்டு பக்கமும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். ஆனால் டிக்கெட் மூன்று இடத்தில், மூன்று தளத்தில் எடுக்கவேண்டும். கப்பல் நின்றால் சென்னை ரயில் டிக்கெட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

ஐயா, எங்கட அப்பப்பா தலைமன்னார் பியரில இறங்கின கதை சொல்லுவார். தனி இழை திறவுங்கோ, நானும் எழுதுறன்.

மட்டுறுத்துநர்

ஆமாம் ஐயா, போட் மெயிலுக்குத் தனி இழை வேண்டும். இங்கே டப்ளின் பயணத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

ஹேக்மாணவன்

மன்னிக்கவும், ஒரே ஒரு கேள்வி. லண்டனிலிருந்து ஹாலந்துக்கும் இப்படி ஒரே டிக்கெட் உண்டா? யூரோஸ்டார் விலை தாங்கவில்லை.

இருப்புப்பாதை

உண்டு, ஸ்டெனா லைன் தளத்தில் ரெயில் அண்ட் சேல் என்று தேடுங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ஹார்விச், அங்கிருந்து ஹூக் வான் ஹாலந்து. இரவு பதினொரு மணிக் கப்பல் காலை எட்டுக்குச் சேரும். இரவுக் கப்பலில் கேபின் கட்டாயம், அந்தக் காசையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒரு ராத்திரி ஹோட்டல் மிச்சம். இறங்கியதும் கப்பல் வாசலிலேயே நிலையம். முன்பு ரயில், 2019இலிருந்து ராட்டர்டாம் மெட்ரோ. வங்கிக் கார்டைத் தட்டிவிட்டு ஸ்கீடாம் போய் மாறினால் ஹேக் பக்கம்தான். அது ஷெங்கன் எல்லை என்பதால் விசா சமாசாரம் டப்ளினிலிருந்து முழுக்க வேறு. ஐரிஷ் விசா அங்கே செல்லாது, ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது.

கைப்பெட்டி

நானும் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. இன்டர்ரெயில் பாஸ் (ஒரே சீட்டில் ஐரோப்பா முழுக்க ரயிலில் சுற்றுவது) இருந்தால் கப்பல் இலவசம் என்கிறார்களே?

இருப்புப்பாதை

இத்தாலி–கிரீஸ் பாதையில் அப்படி ஒரு சலுகை உண்டு. பாரி, அன்கோனாவிலிருந்து பத்ராஸ் போகும் சூப்பர்ஃபாஸ்ட் கப்பலில் குளோபல் பாஸ்காரர்களுக்கு மேல்தள இடம் பாஸிலேயே அடங்கும். ஆனாலும் துறைமுக வரி, சீசன் கட்டணம் என்று கை நீட்டுவார்கள், கேபினுக்கும் தனி. முன்பதிவும் செய்யவேண்டும், பாஸைக் காட்டி நேராக ஏறிவிட முடியாது. ஹோலிஹெட் பக்கம் பாஸுக்குத் தள்ளுபடிதான், இலவசமில்லை. ஐரோப்பாவில் வசிப்பவருக்கு இன்டர்ரெயில், ஊரிலிருந்து வருகிறவருக்கு யூரெயில். கீன்ஸ்வாசி குடும்பத்துக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

கீன்ஸ்வாசி

எல்லாருக்கும் நன்றி. ஐரிஷ் விசா நேற்று கிடைத்தது, இரண்டு பேருக்கும். மதியக் கப்பல், சேல்ரெயில், போக வர இரண்டும் எடுக்கப் போகிறேன். தளத்தில் கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன். நிலையத்து மெஷினில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டுகிறது. திரும்பி வரும் டிக்கெட்டை டப்ளினில் எடுத்துக்கொள்ளலாமா? இவ்வளவு காகிதத்தையும் அங்கே ஒரு வாரம் பத்திரமாக வைத்திருப்பது கஷ்டம்.

இருப்புப்பாதை

முடியாது. டப்ளின் துறைமுகத்தில் பிரிட்டிஷ் ரயில் மெஷின் கிடையாது. மில்டன் கீன்ஸில் மெஷின் முன்னால் நின்று எண்ணை அடித்ததும் போவதும் வருவதும் எல்லாம் சேர்ந்தே விழும். ஆளுக்கு ரயில் சீட்டு, கப்பல் ரசீது என்று நான்கு பேருக்கும் ஒரு கட்டு ஆரஞ்சுக் காகிதம். கடைசி ஒன்று விழும் வரை நகராதீர்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுக்கத்தான் செய்வார், கண்டுகொள்ள வேண்டாம். முந்தின நாளே போய் எடுத்துவிடுங்கள். போகும் சீட்டு ஒரு உறையில், வரும் சீட்டு இன்னொன்றில்.

பணம் கட்டுவதற்கு முன்னால் நான்கு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா பாருங்கள். அம்மாவுக்கு அப்பா பெயர் இன்ஷியல் மட்டும்தான், குடும்பப் பெயர் காலி என்றால், பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். கப்பலின் பயணிப் பட்டியல் அதை வைத்துத்தான்.

கீன்ஸ்வாசி

அம்மாவுக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலிதான். தளம் காலியாக விட அனுமதிக்கவில்லை.

டப்ளின்தோசை

என் அம்மாவுக்கும் இதே கதை. இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போட்டேன். அப்புறம் கப்பல் கம்பெனிக்குப் போன் செய்து முன்பதிவு எண்ணைச் சொல்லி, பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்று குறிப்பு எழுதச் சொன்னேன். கவுண்டரில் ஒரு கேள்வியும் வரவில்லை. திங்கட்கிழமை காலை கூப்பிடுங்கள், லைன் சீக்கிரம் கிடைக்கும்.